தூங்குமூஞ்சி மரத்தில் கட்டியுள்ள வெள்ளைத் துணிகளை அவிழ்க்க அனுமதி கோருதல்

அனுப்புநர்:
அ. ஷஃபீகா (வயது 17),
த/பெ. அலி அஸ்கர்,
கால்வாய்க்கரைத் தெரு,
மேலப்பாளையம்,
திருநெல்வேலி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: பறவைக் கூடுகள் உள்ள இரண்டாவது தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் வரும் திங்கட்கிழமை வெட்டப்பட இருப்பது – அக்கிளைகளில் கட்டப்பட்டுள்ள வெள்ளைத் துணிகளை அதற்கு முன் அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மனுவின் தொடக்கத்தில் நன்றியும் பாராட்டும் எழுதுவது முறை என்று எனக்குத் தெரியும். இந்த மனுவில் அவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காரணத்தை ஏழாவது பத்தியில் சொல்லியிருக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவள். வீட்டில் உம்மாவுடன் சேர்ந்து பீடி சுற்றுகிறேன். வாப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வெளியாள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பள்ளியில் பெயர் கூப்பிடும்போதுகூடப் பக்கத்தில் இருந்த பெண்தான் எனக்கும் சேர்த்து ‘உள்ளேன் டீச்சர்’ சொல்வாள். ஆகவே நேரில் வந்து சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். மற்றவர்கள் சொன்னதை அவர்கள் பேசியபடியே எழுதியிருக்கிறேன். என் நடையில் மாற்றினால் அவர்களுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

2. எங்கள் தெருவின் ஒரு பக்கம் வீடுகள். மறுபக்கம் பாளையங்கால்வாய். இக்கரையில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. அக்கரையில் சரக்கு வைக்கும் ஒரு பழைய கிட்டங்கியின் நீளமான பின்சுவர். தை மாதம் முதல் இந்த இரண்டு மரங்களிலும் வக்காக்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். பகலெல்லாம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்து, பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்லும் நேரத்தில் வயலுக்கும் ஆற்றுக்கும் இரை தேடப் புறப்படும் சாம்பல் நிறப் பறவைதான் வக்கா. எச்சத்துக்குப் பயந்து, மேகமூட்டமான நாளிலும் குடை பிடித்துத்தான் தெருவில் நடப்போம். நாற்றமும் உண்டு. அதை மறைக்கவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனதும் உண்டு. ஆனாலும் கல்யாண ஊர்வலம் தெருமுனையிலேயே கொட்டு மேளத்தை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வரும். குஞ்சு மிரண்டு விழுந்துவிடும் என்பதற்காக.

3. கிளைகள் மின்கம்பியில் உரசுவதால் ஆண்டுதோறும் கழித்துவிட வேண்டும். அந்த வேலைக்கு வருபவர் சிவசைலம் அண்ணாச்சி. எந்தக் கிளையை வெட்டலாம் என்பதைத் தெருப் பெண்கள்தான் முடிவு செய்வோம். மொட்டைமாடியில் உட்கார்ந்து பீடி இலை வெட்டும்போது கூடுகள் கண்ணெதிரே தெரியும். ஒரு கிளையில் உள்ள குஞ்சுகள் எல்லாம் பறந்து, கூடு காலியாகிவிட்டால், பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, தொரட்டியால் கிளையை வளைத்து அதில் கட்டிவிடுவோம். வெள்ளைத் துணி இருந்தால் வெட்டலாம். இல்லாவிட்டால் தொடக் கூடாது. அண்ணாச்சிக்குக் கண் கொஞ்சம் மங்கல். கூடு தெரியாவிட்டாலும் துணி தெரியும். இந்த வழக்கம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்க வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

4. இந்த ஆண்டு மாசி மாதம், ‘நதிக்கரை வண்ணம்’ என்ற அமைப்பினர் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கலையின் வழியாக மக்களை இயற்கையோடு சேர்த்து வைப்பது அவர்கள் வேலை என்றார்கள். அதன் ஒருங்கிணைப்பாளர் திரு. மகேஸ்வரன் அவர்கள் தெருப் பெண்களைக் கூட்டி வைத்து, “உங்களுக்குத் தலைக்கு மேல என்ன இருக்குன்னே பாக்கத் தெரியல. நாங்க ஓவியம் வரைஞ்சு உங்க கண்ணத் திறந்து விடப் போறோம்” என்று சொன்னார். அதற்குப் பக்கத்து வீட்டு ஹமீது பீவி மாமி, “மேல பாத்தா மூஞ்சில பேஞ்சிரும்லா தம்பி. அதாம் குடை பிடிச்சிருக்கோம்” என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

என் தங்கை சுமையாவுக்கு விளையாட, கழிவு பீடி இலையில் கத்தரியால் வக்கா உருவம் வெட்டிக் கொடுப்பது என் வழக்கம். அதை அவர் பார்த்துவிட்டு, அதே உருவத்தைப் பெரிய அட்டையில் வெட்டித் தரச் சொன்னார். அட்டையைச் சுவரில் வைத்து, நடுவில் உள்ள வெட்டுக்குள் வண்ணம் ஒற்றினால் பறவை விழும். கிட்டங்கிச் சுவரில் உள்ள வக்காக்கள் எல்லாம் இப்படி நான் ஒற்றியவைதான். கூடு கட்டுகிற வக்கா, குஞ்சுக்கு மீன் கக்கிக் கொடுக்கிற வக்கா, மழையில் நனைந்த வக்கா என்று வரைந்தேன். சுவரைப் பார்த்து நின்று செய்யும் வேலை. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இதையும் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

5. படம் முடிந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. தெருவில் நின்று பார்த்தால் மரக்கிளைகள் சுவரை மறைத்தன. புகைப்படக்காரர் வந்து, பாதிப் படம்தான் விழும் என்று சொல்லிவிட்டார். திரு. மகேஸ்வரன் என்னிடம், “கிளைய வெட்டினா உங்க தெருவே சண்டைக்கு வருமோ?” என்று கேட்டார். எனக்குப் பேச்சு வராததால், அட்டைத் துண்டு ஒன்றில் மூன்றாவது பத்தியில் உள்ள வழக்கத்தை எழுதிக் காட்டினேன். கூடு காலியாகும்வரை வெட்ட முடியாது என்று அவருக்குப் புரியட்டும் என்றுதான் எழுதினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். “வெள்ளைத் துணி கெடந்தா வெட்டலாம். அப்படித்தானே?” என்றார். நான் தலையசைத்தேன். அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் தெருப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார்கள். பறவைகளுக்காக ஓர் ஆசையைத் துணியில் எழுதி மரத்தில் கட்ட வேண்டும் என்பது விளையாட்டு. அதற்கு ‘ஆசை மரம்’ என்று பெயர் வைத்தார்கள். துணிப் பையில் சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் இருந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்தது வெள்ளை மட்டும். ஏணியை வைத்தது முதல் மரத்தில், சுவரை மறைத்த கிளைகளில் மட்டும். அவர் எந்த எண்ணத்தில் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. தாங்கள் கேட்டால் அவரே சொல்லக்கூடும்.

அன்று தெருப் பெண்கள் பீடி ஒப்படைக்கக் கடைக்குப் போயிருந்தார்கள். நான் முகாமை நடத்த வந்திருந்த ப்ரியா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். “என்ன ஷஃபீகா, சொல்லு. சொன்னாத்தான தெரியும்?” என்றார். துணியையும் கிளையையும் காட்டினேன். “உனக்கும் ஒரு துணி வேணுமா?” என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். கூட இருந்த ஒருவர், “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா?” என்றார். நான் வீட்டுக்கு ஓடிப்போய், நடந்ததையும் நடக்கப் போவதையும் ஒரு கடிதமாக எழுதி, முகாம் முடிவதற்குள் திரு. மகேஸ்வரன் கையில் கொடுத்தேன். “நாளைக்குப் பாக்கேன்மா” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெண்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். ஹமீது பீவி மாமி, “பிள்ளைக ஆசையாக் கட்டியிருக்கு. ஒரு ராத்திரி கெடக்கட்டும். காலைல பையப் பைய அவுத்துக்கிடலாம்” என்றார்கள்.

6. காலையில் அவிழ்க்க நேரம் இருக்கவில்லை. விடிந்ததும் சிவசைலம் அண்ணாச்சி வடக்கயிற்றோடும் அரிவாளோடும் முதல் மரத்தில் ஏறியிருந்தார். அவரை வரச் சொன்னது அமைப்பினர். நான் மரத்தடிக்கு ஓடினேன். அண்ணாச்சி மேலிருந்து, “ஐயா, கூட்டுக்குள்ள சத்தம் கேக்கு. குஞ்சு கெடக்க மாதிரி இருக்கே” என்று கத்தினார். கீழே நின்ற திரு. மகேஸ்வரன், “துணி கட்டியிருக்கா, இல்லியா வே?” என்றார். “கட்டியிருக்கு.” “கட்டுனது யாரு? இந்தத் தெருப் பிள்ளைக. அவங்களுக்குத் தெரியாதது உமக்குத் தெரிஞ்சிருமோ? வெட்டும்வே.” அண்ணாச்சி அரிவாளை இறக்கினார். என்னைப் பார்த்து, “பிள்ள, காலிதானா?” என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ, தெரியவில்லை. வெட்டத் தொடங்கினார்.

வக்காக் குஞ்சுக்குப் பறக்கத் தெரியாது. ஆனால் கிளையைக் காலால் பிடித்துக்கொள்ளத் தெரியும். கிளை கீழே வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டே வந்தன. கால்வாய்க்குள் விழுந்தவை ஆகாயத்தாமரைக்குள் சிக்கின. சாலையில் விழுந்தவற்றை நாய்கள் எடுத்துக்கொண்டு போயின. பெரிய பறவைகள் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. வெட்டிய இடத்தில் உட்கார வந்து, உட்கார ஒன்றும் இல்லாமல் திரும்பிப் பறந்தன. உயிரோடு கிடந்த குஞ்சுகளைப் பெண்கள் பீடித் தட்டுகளில் பொறுக்கி வைத்தார்கள். பிள்ளைகள் அவரவர் எழுதிய துணியைத் தேடி எடுத்து, “இது என் கிளை, இது என் கிளை” என்று அழுதார்கள். சுமையா அழவில்லை. அவள் அன்றிலிருந்து மரத்துப் பக்கமே போவதில்லை.

கீழ்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், “நல்லதாப் போச்சு. இனி வேட்டி வெளுப்பா இருக்கும்” என்றார். ஒரு தரப்பை மட்டும் எழுதினேன் என்று ஆகக் கூடாது என்பதால் இதையும் சேர்த்திருக்கிறேன்.

7. அன்று மாலையே திறப்பு விழா நடந்தது. சுவரில் பாதி மறைப்பில்லாமல் நன்றாகத் தெரிந்தது. வந்திருந்த சிறப்பு விருந்தினர், பறவையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். திரு. மகேஸ்வரன், ஹமீது பீவி மாமியின் தட்டிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தார். பயந்த குஞ்சு உண்ட மீனைக் கக்கிவிடும். இது விருந்தினர் சட்டையில் கக்கியது. அவர் கையை உதறினார். குஞ்சு சிமெண்டுத் தளத்தில் தலைகுப்புற விழுந்து, பிறகு அசையவில்லை. “கெட்ட நாத்தம்” என்று சொல்லிச் சிரித்தார்கள். விருந்தினர் கை துடைக்க ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்தார்கள். படம் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. அது மறுநாள் அமைப்பின் இணையப் பக்கத்தில் வந்தது. அதில் குஞ்சு உயிரோடுதான் இருக்கிறது.

பிறகு திரு. மகேஸ்வரன் ஒலிபெருக்கியில், “இந்தப் படத்தை வரைஞ்ச பொண்ணு பேச மாட்டா. ஆனா மனசுல உள்ளத எனக்கு எழுதிக் கொடுத்திருக்கா” என்று சொல்லி, நான் கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாசித்தார். பெரியவர்களுக்கு எழுதும் முறைப்படி அதன் தொடக்கத்தில், ‘எனக்கு வரைய வாய்ப்புக் கொடுத்ததற்கு என்றும் நன்றியுடையவளாக இருப்பேன். தங்கள் பணி எங்கள் தெருவுக்குக் கிடைத்த பேறு’ என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது வரி, ‘ஆனால் தயவுசெய்து துணிகளை இன்றே அவிழ்த்துவிடுங்கள்’ என்பது.

இந்த மனுவின் தொடக்கத்தில் நன்றி எழுதாததற்கு இதுவே காரணம்.

8. அந்த விழாவின் முடிவில், மீதம் இருந்த வெள்ளைத் துணிகளை விருந்தினர்கள் இரண்டாவது மரத்தில் கட்டினார்கள். சுவரின் மறுபாதியை மறைப்பது அந்த மரம்தான். விருந்தினர்கள் கட்டியது என்பதால் அவிழ்க்கத் தெருவில் எல்லோருக்கும் பயம். ஓவியத்துக்கு ஒரு பரிசு தருவதற்காகக் குழு ஒன்று பார்வையிட வருகிறதாம். அதற்கு முன்னதாக, வரும் திங்கட்கிழமை கிளை வெட்டு. இரண்டாவது மரத்தின் கூடுகளில் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. முதல் மரத்தில் குஞ்சை இழந்த பெரிய பறவைகளும் இதில்தான் வந்து அடைகின்றன.

சிவசைலம் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, உம்மாவிடம் சொன்னது இது: “தாயி, துணி கெடக்கும்போது நான் மாட்டேன்னு சொன்னா, ‘உங்க வழக்கந்தானவே, ஏறும்’பாங்க. துணி இல்லன்னா எனக்கு மறுத்துச் சொல்ல ஒரு வாய்ச்சொல்லாச்சும் இருக்கும். அத மட்டும் எப்படியாவது அவுத்துருங்க.”

9. ஆகவே சென்ற செவ்வாய்க்கிழமை மதியத் தொழுகைக்கு ஆண்கள் போயிருந்த நேரத்தில், நான் ஏணி வைத்து ஏறிச் சில துணிகளை அவிழ்த்தேன். எனக்கு உயரம் என்றால் பயம். அமைப்பைச் சேர்ந்த ஒருவர் கீழே நின்று என்னைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். “ஏட்டி, இறங்கு. பிள்ளைங்க கலைய நாசம் பண்ணுதியே, வெக்கமா இல்ல?” என்று கேட்டார். எனக்கு இறங்கத் தெரியவில்லை. கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் படம் பிடித்தார்.

வாப்பாவை வரவழைத்தார்கள். பொதுக் கலைப்பொருளைச் சேதப்படுத்தியதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். வாப்பா சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வந்தவர். இரண்டு கையையும் கூப்பி, “அறியாப் பிள்ள. விட்டுருங்க சார்வாள்” என்றார். அப்படியானால் அவிழ்த்ததை அவரே கட்டட்டும் என்று திரு. மகேஸ்வரன் சொன்னார். வாப்பா ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கட்டினார். கடைசித் துணியைக் கட்டும்போது கூட்டிலிருந்த பறவை அவர் கையைக் கொத்தியது. “பாத்தீங்களா, இயற்கையே தண்டிக்குது” என்று ஒருவர் சொன்னார். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் ஏணியில் நின்ற படத்தை அமைப்பின் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ‘இன்னும் கண் திறக்காத சிலர்’ என்று தலைப்பு. முகத்தை மறைக்கவில்லை. தெருவுக்கு வெளியே இருந்துகூட ஆட்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தெருவிலும் என்னைத்தான் சொல்கிறார்கள். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டு ஜமீலா பீவி மாமி என் காதில் விழும்படியாக, “வாயில்லாப் பூச்சிக்கு எழுத்து எதுக்கு? எழுதிக் காட்டித்தான மரத்த மொட்டையடிச்சா” என்றார்கள்.

10. மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் கேட்டுக்கொள்வது:

அ) இரண்டாவது மரத்தில் உள்ள வெள்ளைத் துணிகளைத் திங்கட்கிழமைக்கு முன் அவிழ்க்க எனக்கு எழுத்தில் அனுமதி தர வேண்டும். ஆள் அனுப்பத் தேவையில்லை. ஏணி எங்களிடம் இருக்கிறது. தெருப் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். இந்தத் தடவை இறங்கவும் பார்த்துக்கொள்வேன்.

ஆ) குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு பலகை வைத்தால் நல்லது. பலகையில் படம் வேண்டாம்.

இ) மேற்கண்ட இரண்டும் முடியாது என்றால், கிட்டங்கிச் சுவரில் நான் வரைந்த வக்காக்கள் அனைத்தையும் சுண்ணாம்பு அடித்து மறைக்க உத்தரவிட வேண்டும். படம் இல்லாவிட்டால் மரத்தை வெட்ட யாருக்கும் காரணம் இருக்காது. வரைந்தவள் நான்தான். அழிக்க முழுச் சம்மதம் தருகிறேன். சுண்ணாம்பை நானே அடித்துக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

ஈ) இந்த மனுவைத் தாங்களே கடைசி வரை படிக்க வேண்டும். கருத்துக் கேட்பதற்காக அமைப்பினருக்கு அனுப்பினால், அவர்கள் இதில் தங்களுக்குப் பிடித்த இரண்டு வரிகளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் வாப்பாவின் மீது எந்தப் புகாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் பணிந்து கேட்கிறேன். ஏறியதும் அவிழ்த்ததும் நான். அவர் கட்டியது மட்டும்தான்.

துணிகள் இறங்கிய பிறகு நன்றியைத் தனிக் கடிதமாக எழுதி அனுப்புகிறேன்.

இடம்: மேலப்பாளையம்
நாள்: 09.05.2025

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
அ. ஷஃபீகா

இணைப்பு: வெட்டப்பட்ட முதல் மரத்தின் சிறு கிளை ஒன்று, அதில் கட்டிய வெள்ளைத் துணியோடு. துணியில், ‘வக்கா குஞ்சு விழாம பறக்கணும் யா அல்லாஹ். சுமையா, 3ஆம் வகுப்பு’ என்று எழுதியிருக்கிறது. துணியை மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். முடிச்சை அவிழ்க்க எனக்கு இன்னும் அனுமதி இல்லாததால் கிளையோடு அனுப்புகிறேன்.